மிச்ச மண்

குழி வெட்டுகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு.
ஆளை இறக்கி மூடினால்
மண் மிஞ்சும்.
பருத்த ஆள் என்றால் இரண்டு தள்ளுவண்டி,
குழந்தை என்றால் ஒரு கூடை.
அந்த மிச்சத்தைத்தான் மேடாகக் கூட்டி
சிலுவை நடுகிறோம்.

முப்பது வருடம் முன்பு
ரியோனி ஆற்றுக்கு மேலே, சரிவில்,
நாசிப்ரோலாவின் மகன் பெசிக்குக்கு
நான் வெட்டிய குழியில் மண் மிஞ்சவில்லை.
கடலோரச் சண்டைக்குப் போனவன்;
தொப்பிகூடத் திரும்பவில்லை.
கருங்கல்லில் முகம் பொறித்தார்கள்:
பத்தொன்பது வயது,
வருவதா வேண்டாமா என்று
மீசை இன்னும் முடிவு செய்யாத முகம்.
அதற்கு அடியில் ஒன்றுமில்லை.
தோண்டியதெல்லாம் உள்ளே போயிற்று,
முதல் மழையில் பள்ளமும் விழுந்தது.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள்
ஊரே கல்லறைக்கு ஏறி வரும்.
மஞ்சிட்டி வேரில் சிவந்த முட்டைகளை
மேட்டுக்கு மேடு உருட்டுவோம்.
ஒயினில் முதல் மடக்கு கீழே இருப்பவர்களுக்கு.
தந்தை இலாரியோன் ஒவ்வொரு குடும்பமாக நின்று
'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்பார்.
'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்போம்
வாயில் ரொட்டியோடு.
நாசிப்ரோலா மட்டும் சொல்லமாட்டாள்.
ஒரு வருடம், கேட்கக் கேட்க, சொன்னாள்:
'தந்தையே,
காலிக் கல்லறை உங்களுக்கு நற்செய்தி.
எனக்கு அது மகனுடைய முகவரி.'
அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.
குனிந்து ஒரு முட்டையை உருட்டினார்.
அது பள்ளத்தில் இறங்கி
அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு திபிலீசியிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
பஞ்சுக் குச்சியில் கிழவியின் எச்சிலை எடுத்துப் போனாள்.
மூன்று வருடம் பேச்சில்லை.
இந்தத் தவக்காலத்தில் வந்தது பெட்டி,
ஒரு வயலின் வைக்கலாம், அவ்வளவு.
வெள்ளைத் துணி விரித்து
அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்,
தூங்குகிறவனைப் புரட்டுகிற கைபோல.
அவள் காட்டுவதற்கு முன்பே
தாயின் விரல் இடது முன்கைக்குப் போயிற்று.
அங்கே ஒரு முடிச்சு.
ஒன்பது வயதில் வால்நட் மரத்திலிருந்து விழுந்து,
முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு.
'இவன்தான்' என்றாள்.
விலாவில் இன்னொரு துளை இருந்தது.
அதை அவள் தொடவில்லை.
பிறகு தொட்டாள்.

அறுபது வருடமாகப் பூசையில் கேட்கிறேன்,
எழுந்தவர் ஏன் ஆணித் துளைகளோடு வந்தார்?
சாவையே உடைத்தவருக்கு
உள்ளங்கையை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா?
அன்று வாசலில் மண்வெட்டியோடு நின்றபோது
ஏதோ புரிந்ததுபோல் இருந்தது.
வீட்டுக்குப் போவதற்குள் போய்விட்டது.
காயமில்லாத மகனை
அவள் எதைத் தொட்டு அடையாளம் கண்டிருப்பாள்,
அதுவரைதான் நினைவிருக்கிறது.

பழைய குழியையே மறுபடி வெட்டினேன்.
மூடினேன். மிதித்தேன்.
மிஞ்சியது அரை வாளி.
'கொடு' என்று முந்தியை நீட்டினாள்.
ஒரு பிடிகூடச் சிந்தாமல் கொண்டுபோனாள்.

மறுநாள் அல்ல, பதினைந்து நாள் கழித்து,
முட்டை உருட்டும் திங்களன்று
தட்டோடு வந்தாள்.
அந்த மண்ணில் கோதுமை முளைத்து
ஒரு விரல் உயரம் நின்றது.
தந்தை இலாரியோன் தயங்கி, அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார்.
'என்னிடமும் சொல்லுங்கள்' என்றாள்.
'எழுப்புவதற்கு
இப்போதுதான் எனக்கு ஆள் இருக்கிறான்.'

அவர் சொன்னார், குரல் உடைய.
அவள் பதில் காதில் விழவில்லை;
காற்று கோதுமையை அலைத்துக்கொண்டிருந்தது.

நானும் ஒரு முட்டையை உருட்டினேன்.
பள்ளம் இல்லை இப்போது.
சின்ன மேட்டில் ஏறி, தடுமாறி, இறங்கி
என் பூட்ஸில் மோதி உடைந்தது.
உப்புத் தொட்டுத் தின்றேன்.
நல்ல பசி.